சூடாக்கி வைக்காதீர்கள்

கார் விற்பவர் வீட்டில் எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாகுமோ இசாவோ ஏழு மணிக்கே வந்து, எதிர்ப்புறச் சாலையோரத்தில் தன் குட்டி லாரியை ஒதுக்கி நிறுத்தி, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் தெருமுனை இயந்திரத்தில் காசு போட்டு எடுத்த டப்பா காபி. அது விரல் மரத்துப்போகாமல் இருப்பதற்கு, குடிப்பது அப்புறம். நவம்பர் கடைசி வாரம். சுவா ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று காது மடலைக் கடித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் எதிர்வீட்டில் இன்ஜினைக் கிளப்பினால் கேட்காது. அது கேட்காவிட்டால் இவ்வளவு சீக்கிரம் வந்ததற்கே அர்த்தமில்லை.

"ஏங்க, கண்ணாடியை ஏத்துங்க. எனக்கு மூக்கு இருக்கா போச்சான்னே தெரியல," என்றார் பக்கத்தில் இருந்த மனைவி தொகியே.

"கொஞ்சம் பொறு."

"யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க? திருட வந்தவங்க நோட்டம் பாக்கறாங்கன்னு போலீசைக் கூப்பிடப் போறாங்க."

"திருடப் போறவன் பொண்டாட்டியையா கூட்டிட்டு வருவான்?"

"அதுவும் சோத்துருண்டை கட்டிக்கிட்டு," என்று சொல்லி, தொகியே கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நாகுமோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் வேலை. பதவியின் பெயர் அரசாங்கப் பாணியில் மூச்சு முட்டும் நீளம். செய்வது என்னவோ ஒன்றுதான், காது கொடுத்துக் கேட்பது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான எஃகுக் கம்பி, அதன் மேல்முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டு. கம்பியின் நுனியைத் தெருவோர வால்வின் மீது ஊன்றி வட்டைக் காதோடு ஒட்டினால், மண்ணுக்கடியில் எந்த இடத்தில் குழாய் கசிகிறது என்று சொல்லிவிடுவார். முப்பத்து மூன்று வருடம் ஊரார் வாசல்களில் குனிந்து நின்று கேட்டதில் உடம்பு லேசாக இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. கல்யாண வீட்டுப் புகைப்படங்களில்கூட யாரோ சொல்லும் ரகசியத்துக்குச் செவிசாய்த்தவர் மாதிரியே நிற்பார்.

வேலை நேரம் முடிந்தாலும் அந்தக் காதுக்கு ஓய்வில்லை. வீட்டில் தொலைக்காட்சியின் ஒலி நான்கைத் தாண்டக் கூடாது. தொகியே தன் நாடகங்களையெல்லாம் திரையில் ஓடும் எழுத்தைப் படித்துத்தான் பார்க்கிறார். நூடுல்ஸ் கடையில் எல்லோரும் சர் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டிருக்க, நாகுமோ மட்டும் சத்தமே இல்லாமல் சாப்பிடுவார். ஒருமுறை எழுந்து காசு கொடுக்கும்போது, "உங்க குளிர்பெட்டி விசிறி ரெண்டு மாசம் தாங்குனா பெரிசு, பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் சிரித்தார். இரண்டாம் மாதக் கடைசியில் உள்ளே இருந்த மீனெல்லாம் நாறிப்போயிற்று. இப்போது நாகுமோ கடைக்குள் நுழைந்தாலே அந்த மனிதர் குளிர்பெட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் காதுக்கு வேறு கிராக்கி. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் அவரைத் துணைக்கு அழைத்துப் போவார்கள். கூலி கிடையாது, ஒரு பை ஆப்பிள், நல்ல வண்டி அமைந்தால் ஒரு புட்டி சாக்கே மது. கம்பியும் கூடவே வரும். கிளம்பும் முன் விற்பவரிடம் தொலைபேசியில் ஒரே ஒரு வேண்டுகோள் வைப்பார்: "தயவுசெஞ்சு நாங்க வர்றதுக்கு முன்னாடி இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீங்க." இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இன்ஜின் முதல் தடவை கிளம்பும்போதுதான் உள்ளதை உள்ளபடி சொல்லும். தேய்ந்த பாகம் தட்டும். எண்ணெய் போகக் கூடாத இடத்துக்குப் போயிருந்தால் பின்னால் நீலப்புகை தெரியும். பத்து நிமிடம் ஓடிச் சூடேறிவிட்டால் எல்லாக் குறையும் வாயை மூடிக்கொள்ளும்.

சொன்னால் கேட்பார்களா? இந்த ஊர்க்காரர்களுக்கு அதற்கு மனசு வராது. குளிரில் ஒருவர் நம் வீடு தேடி வருகிறார், அவருக்குச் சில்லிட்டுப் போன வண்டியைக் காட்டுவதா? அது ஆறிப்போன தேநீரை நீட்டுவதுபோல. "சரிங்க, தொடவே மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தவர்கள் விடிந்ததும் மனசு கேட்காமல் எழுந்து, வண்டியைக் கழுவி, இன்ஜினை ஓடவிட்டு, இருக்கையைக்கூட வெதுவெதுப்பாக்கி வைப்பார்கள். ஏமாற்றுக்காரன் செய்வதும் இதேதான். இரண்டு பேரையும் பிரித்தறிய நாகுமோவுக்குத் தெரிந்த வழி, முன்கூட்டியே வந்து எதிரே உட்கார்ந்துகொள்வது. பத்து வருடமாக இதுதான் நடக்கிறது. யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

வண்டியைச் சுற்றி வரும்போது அவர் வாயிலிருந்து விழுவதை ஊரில் பலபேர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி, உட்புறம் வெள்ளையாகக் குழம்பிக் கிடந்தால், "மயோனைஸ் வேணும்னா மளிகைக் கடையில வாங்கலாமே," என்பார். தண்ணீர் எண்ணெயோடு கலந்திருக்கிறது, கிட்டே போகாதே என்று பொருள். பளபளவென்று கழுவிய இன்ஜினைக் கண்டால் முகம் சுண்டிப்போகும்: "அழுக்கா இருந்தா எங்க ஒழுகுதுன்னு அதுவே காட்டிடும். இதைக் குளிப்பாட்டி வச்சிருக்காங்க." ஓடிய தூரத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். "குறைச்சலா ஓடுன வண்டின்னு குதிக்காதீங்க. படுத்தே கிடந்த மனுசன் திடீர்னு மலை ஏறுவானா?" எல்லாம் முடிந்து குறை தென்பட்டால் விற்பவரை நோகடிக்க மாட்டார். தலை குனிந்து வணங்கி, "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டிருக்கீங்க. கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொல்றோம்," என்பார். அப்படி யோசித்துவிட்டுச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

வாங்கலாம் என்ற சொல் மட்டும் அவர் வாயில் முழுதாக வராது. "அப்படியொண்ணும் மோசமில்ல" என்பதே அவர் தரும் உச்சபட்சப் பாராட்டு. காரணம் தொகியேயின் தம்பி. இருபத்தாறு வருடத்துக்கு முன் நாகுமோ அவனுக்கு ஒரு வண்டியைப் பார்த்து, வாயார "வாங்கிடு" என்றார். நாலாம் மாதம் அது மலைச் சுரங்கத்துக்குள் இன்ஜின் வெடித்து நின்றது. பின்னால் இரண்டு கிலோமீட்டருக்கு வண்டிகள் தேங்கின. மைத்துனன் நல்லவன், ஆனால் ஒவ்வொரு புத்தாண்டு விருந்திலும் இரண்டாம் கிண்ணம் சாக்கே உள்ளே போனதும், "சுரங்கத்துல நிக்கும்போது அத்தானைத்தான் நினைச்சேன்," என்று ஆரம்பிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நாகுமோவும் சிரிப்பார். ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு கவளம் உள்ளே இறங்காது.

இந்தத் தடவை வந்திருப்பது தனக்காக. இருபத்து நாலு வயதிலிருந்தே அவருக்கு ஆசை, இரண்டே பேர் உட்காரும் தாழ்வான வண்டி ஒன்று வேண்டுமென்று. மகளுக்குக் கல்யாணமான வருடம் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நிறுத்த இடமிருக்கிறது என்று போலீஸ் சான்று கொடுத்தால்தான் வண்டியை நம் பெயருக்கு மாற்ற முடியும். வீட்டில் லாரிக்கு மட்டும்தான் இடம். தொகியே ஒரு வாரம் யோசித்தார். பிறகு வீட்டோரம் இருந்த தன் வெங்காயத்தாள் பாத்தியை ஒரே நாளில் பிடுங்கி, அக்கம்பக்கத்துக்குக் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு, "ம், சிமென்ட் போட்டுக்கோங்க," என்றார். அது மூன்று வருடத்துக்கு முன்பு. அதன் பிறகு நாகுமோ தனக்காகப் பதினாலு வண்டிகள் பார்த்தார். பதினாலு தடவை யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொன்னார். சிமென்ட் தரையில் துணி காயப்போடும் கம்பம் நிற்கிறது.

"மார்ச் மாசம் வரைக்கும்தான்," என்று தொகியே போன வாரம் ஊறுகாய்க்குக் கீரை கழுவிக்கொண்டே அறிவித்தார். "அப்புறம் கடப்பாரையால தரையைப் பேத்துட்டு நான் என் வெங்காயத்தை நட்டுக்குவேன். உங்களுக்கு வண்டி வேணாம். குறை கண்டுபிடிக்கத்தான் வேணும்." விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை. பதினைந்தாவது வண்டியை என்ன காரணம் சொல்லி விடுகிறார் என்று நேரிலேயே பார்க்க, ஊறுகாய் போடுவதை ஒத்திப்போட்டுவிட்டு இன்று கூடவே வந்திருந்தார்.

லாரிக்குள் சோற்றுருண்டைப் பொட்டலத்தைப் பிரித்தார் தொகியே. நாகுமோ முக்கோணமாகப் பிடித்திருந்த ஒன்றை எடுத்து, கடிக்காமல் சுழற்றிக் காட்டினார். "இந்த வண்டி இன்ஜின்ல பிஸ்டனே கிடையாது. இதே மாதிரி முக்கோணம் ஒண்ணு அறைக்குள்ள சுத்திட்டே இருக்கும். மூணு முனையிலயும் மெல்லிசா ஒரு தகடு. அது தேஞ்சுபோனா காத்தைப் பிடிச்சு வைக்க முடியாது. அப்புறம் மொத்த இன்ஜினையும் பிரிச்சாகணும்."

"பத்தொம்பது வருசமா சுத்தின சோத்துருண்டையை நம்பியா என் பாத்தியை மூடினீங்க?"

"அதுக்குத்தான் பாக்கணுங்கறேன். குளிர்ல கிளம்பறதையும் கேக்கணும். நல்லா ஓடிச் சூடானப்புறம் அணைச்சுட்டு மறுபடி கிளப்பியும் பாக்கணும். தேஞ்ச இன்ஜின் அங்கதான் மாட்டிக்கும்."

ஏழு இருபதுக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு ஒரு மனிதர் வெளியே வந்தார். விற்பவர் ரித்ஸுகோ என்ற பெண்மணி, மருந்துக் கடையில் வேலை செய்பவர். இவர் அவர் கணவர் செகினேயாக இருக்க வேண்டும். முற்றத்தில் சீமைப்பனிச்சை மரத்தடியில் சிவப்பு வண்டி உறைபனி போர்த்திக் கிடந்தது. பழுத்து விழுந்த பழங்கள் அதைச் சுற்றிக் கூழாகிக் கிடந்தன. செகினே பழங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வருகிறவர்கள் மிதித்து வழுக்கிவிடுவார்களே என்று நினைத்தது எதிர்ப்பக்கம் வரைக்கும் தெரிந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் சட்டென்று கிளம்பியது. வண்டி மூன்று மீட்டர் முன்னால் நகர்ந்தது. இன்ஜின் அணைந்தது. இறங்கி, கூரைமேல் இருந்த பனியைத் துணியால் பாசத்தோடு துடைத்துவிட்டு உள்ளே போனார்.

நாகுமோவின் கால்சட்டையில் காபி கொட்டியிருந்தது.

"ஐயோ, அணைச்சுட்டாரே!"

"அதனால என்ன? மரத்தடியிலேருந்து தள்ளி நிறுத்துனார். நல்ல மனுசன்."

"இதை மட்டும் செய்யவே கூடாது தொகியே. இந்த இன்ஜினைக் குளிர்ல கிளப்புனா சூடாகற வரைக்கும் ஓட விடணும். உடனே அணைச்சா உள்ள போன பெட்ரோல் எரியாம தேங்கிடும். பொறி விழற முனையெல்லாம் நனைஞ்சு ஊறிடும். அடுத்த தடவை சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும், கிளம்பாது."

"போய்ச் சொல்லிடுங்களேன்."

"என்னன்னு சொல்றது? ஏழு மணியிலேருந்து உங்க வீட்டையே பாத்துட்டிருந்தோம்னா?"

எட்டரைக்கு இரண்டு பேரும் அப்போதுதான் வந்தவர்கள்போல் லாரியை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். ரித்ஸுகோ ஐம்பதைத் தொடும் வயது. இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். "இடுப்பு ஒத்துக்க மாட்டேங்குது. இதுல உக்காந்தா எழுந்துக்க ரெண்டு பேர் வேணும்," என்று சிரித்தார். பிறகு தடித்த கோப்பு ஒன்றை நீட்டினார். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ரசீதும் அதில் தேதிவாரியாக இருந்தது. போன மாதம் எடுத்த இன்ஜின் அழுத்தச் சோதனைத் தாளும் இருந்தது. எண்கள் எல்லாம் ஏழுக்கு மேலே, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல்; நல்ல இன்ஜினுக்கு அதுதான் அடையாளம். இடையிடையே எவ்வளவு எண்ணெய் ஊற்றினார் என்றுகூட எழுதி வைத்திருந்தார். "எண்ணெய் குடிக்குதுங்க, மறைக்க விரும்பல," என்றார் குற்ற உணர்வோடு. "இது குடிக்கணுங்க. குடிக்கலேன்னாதான் பயப்படணும்," என்றார் நாகுமோ. அந்தக் கோப்பினை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்ததைத் தொகியே கவனித்தார்.

"நீங்க சொன்னபடியே தொடக்கூட இல்ல," என்று சொல்லிவிட்டு ரித்ஸுகோ சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை. மூன்றாம் தடவை. பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. நாலாம் தடவை சுற்றும் வேகமே குறைந்துவிட்டது. ரித்ஸுகோவின் முகம் வெளிறியது. "இப்படி ஒரு நாளும் ஆனதில்லீங்க. பத்தொம்பது வருசத்துல ஒரு நாளும் இல்ல." பின்னால் நின்ற செகினே தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி சிவந்திருந்தது.

ரித்ஸுகோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து ஆழமாகக் குனிந்தார். "உங்களை இவ்வளவு தூரம் வரவச்சு... இன்ஜின் போயிடுச்சு போலிருக்கு. இதுக்கு மேல முழு விலை கேக்க எனக்கு வாய் வராது. பாதி கொடுங்க. வேணாம்னாலும் தப்பா நினைக்க மாட்டேன்."

நாகுமோவின் மனசுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு சபலம் எழுந்தது. ஒன்று பாதி விலை. இன்னொன்று அதைவிடப் பெரியது: விட்டுவிட்டுப் போக இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. கிளம்பாத வண்டி. தொகியேயால்கூட ஒன்றும் சொல்ல முடியாது. நாக்கு பழக்கத்தில் தானாக நகர்ந்தது. "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டிருக்கீங்க. கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் தொகியேயைப் பார்த்துவிட்டார். தொகியே அவரைப் பார்க்கவில்லை. இறந்துபோன பிராணியைப் பார்ப்பதுபோல் ரித்ஸுகோ அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகுமோ தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் அங்க பாருங்க," என்று மரத்தடியைக் காட்டினார்.

சரளைக்கல் முற்றம் முழுக்க வெள்ளைப் பனி. மரத்தடியில் மட்டும் வண்டியின் அகலத்துக்கு நீள்சதுரமாகக் கறுப்புத் தரை.

"ராத்திரி வண்டி அங்க இருந்திருக்கு. காலையில யாரோ மூணு மீட்டர் நகர்த்தி உடனே அணைச்சிருக்காங்க. பெட்ரோல் தேங்கியிருக்கு, அவ்வளவுதான். இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. பாதி விலையெல்லாம் பேசாதீங்க."

ரித்ஸுகோ மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"மூணே மீட்டர்தாம்மா," என்றார் செகினே. "பழத்துல வழுக்கிடுவாங்களேன்னு..."

"ஸ்டியரிங்ல காகிதம் ஒட்டியிருந்தேனே! தொடாதேன்னு!"

"அதைத் தள்ளி வச்சுட்டுத்தான் ஓட்டினேன்."

"இவர் இப்படித்தாங்க," என்று ரித்ஸுகோ தொகியேயிடம் முறையிட்டார். பிறகு ஏதோ உறுத்த, நாகுமோ பக்கம் திரும்பினார். "நகர்த்துனது பனியில தெரியுது, சரி. உடனே அணைச்சாருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

நாகுமோ கம்பியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"நாங்க ஏழு மணியிலேருந்து எதிர்லதான் லாரியில உக்காந்திருந்தோம்," என்றார் தொகியே. "எல்லா வீட்டுக்கும் இவர் இப்படித்தான். மன்னிச்சுக்கோங்க."

நாகுமோ இடுப்பு ஒடியக் குனிந்தார். தலைக்கு மேலே என்ன விழப்போகிறதோ என்று காத்திருந்தவருக்கு ரித்ஸுகோவின் அலறல்தான் கேட்டது. "இந்தக் குளிர்லயா? ஒன்றரை மணி நேரமா? உள்ள வந்திருக்கலாமே! அடடா, ஒரு வாய் தேநீர்கூடக் கொடுக்காம உங்களை வெளியிலயே வச்சுட்டோமே! ஏங்க, எதிர்ல ஒரு வண்டி நிக்கறதைக்கூடவா பாக்கல?" செகினே இன்னொரு குற்றத்துக்கும் தலை குனிந்தார். கொஞ்ச நேரம் நாலு பேரும் மாற்றி மாற்றி வணங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரித்தது தொகியே.

லாரியின் பேட்டரியிலிருந்து மின்கம்பி இழுத்து இணைத்தார் நாகுமோ. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்தால் புதிதாகப் பெட்ரோல் உள்ளே போகாது. தேங்கியதை இன்ஜின் தானே ஊதித் தள்ளும். ஐந்து விநாடி சுற்றவிட்டார், பொறுத்தார், மறுபடி சுற்றினார். ஏழாவது தடவை ஒரு தும்மல் வந்தது. எட்டாவதில் கிளம்பி, பனிச்சை மரத்தையே மறைக்கும் அளவுக்கு வெள்ளைப்புகை விட்டது. செகினே கை தட்டினார். மனைவி பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். புகை அடங்கிய பிறகு நாகுமோ கம்பியை எடுத்து இன்ஜின்மேல் ஊன்றி, வட்டில் காது வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். இந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேச மாட்டார்கள். உள்ளே அந்த முக்கோணம் பிசிறில்லாமல் சுற்றுவது கேட்டது. அவர் மனசு குளிர்ந்துபோனது; அதைப் பிறரிடம் காட்டிக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் தொகியே.

"அப்படியொண்ணும் மோசமில்ல."

"ரெண்டு பேரும் ஏரியைச் சுத்தி ஓட்டிட்டு வாங்க," என்றார் ரித்ஸுகோ. "வந்ததும் தேநீர். இந்தத் தடவை ஊறுகாயோட."

தொகியே இருக்கைக்குள் இறங்குவதற்கே ஒரு நிமிடம் ஆயிற்று. "தரையிலயே உக்காந்த மாதிரி இருக்கு. எதிர்ல வர்ற லாரிக்கு நாம தெரிவோமா?" என்றார். கதவு மூடியதும் முன்னால் இருந்த பலகையைத் தடவிப் பார்த்தார், அதிலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்து மூடினார். நாகுமோ வழக்கம்போல் தன் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். ஏரிக்கரைச் சாலையில் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. இன்ஜின் மேலே மேலே போனது. பிஸ்டன் வண்டிகள் மூச்சு வாங்கும் இடத்தில் இது பாட்டுக்குச் சுதி ஏறிக்கொண்டே போனது. முப்பத்து நாலு வருடமாக அவர் கற்பனையில் ஓட்டிய வண்டி இதைவிட மெதுவாகத்தான் ஓடியிருந்தது.

படகுத்துறையருகே நிறுத்தி, நன்றாகச் சூடாகியிருந்த இன்ஜினை அணைத்தார். அறுபது எண்ணினார். தேய்ந்த இன்ஜின் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்று தொகியேவுக்கும் தெரியும். அவரும் உதட்டுக்குள் எண்ணினார். நாகுமோ சாவியைத் திருப்பினார். இரண்டு சுற்று, கிளம்பிவிட்டது. நாகுமோ வாய்விட்டுச் சிரித்தார். தொகியே அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று நினைத்தார்.

திரும்பி வரும்போதுதான் அந்தச் சத்தம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில், இடப்பக்கம் எங்கோ அடியில், மெல்லிசாக டிக், டிக். கம்பியில்லாமலே அவருக்குக் கேட்டது. வேறு யார் காதுக்கும் எட்டாது. புகைக்குழாயைச் சுற்றிய தகடு தளர்ந்திருக்கலாம். அப்படியானால் ஒரு திருகாணி. பேரிங்காகவும் இருக்கலாம். அப்படியானால் மைத்துனனுக்கு இனி ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இரண்டு கதை இருக்கும். அவருக்கு உண்மையில் பயமாக இருந்தது. இடப்புருவம் தானாக மேலே ஏறியது.

முப்பத்தோரு வருடம் அந்தப் புருவத்தோடு குடித்தனம் நடத்தியவர் தொகியே. "பதினஞ்சா?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. கையைக் கழுத்துத் துணிக்குள் நுழைத்துக்கொண்டு, வெளியே ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது. கண்ணாடியை ஏற்றச் சொல்லி இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.

டிக், டிக் என்றது வண்டி. நாகுமோ இன்னும் கொஞ்ச தூரம் காதை வெளியே சாய்த்தபடியே ஓட்டினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கதவில் இருந்த பொத்தானை அழுத்தி, கண்ணாடியை மேல் விளிம்புவரை ஏற்றிவிட்டார்.